போனில் நெட் ஓடுகிறது, லேப்டாப்பில் ஓடவில்லை: எங்கே பார்ப்பது?

ஆடிக் காற்றில் ஒரு ரப்பர் மரக்கொம்பு முறிந்து கேபிளில் விழுந்தால் போதும், குலசேகரம், அருமனைப் பக்கத்திலிருந்து என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். வீட்டு ஃபைபர் நெட் போயிருக்கும். சரி, போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்று ஹாட்ஸ்பாட்டைப் போட்டிருப்பார்கள். அதுவும் ஓடாது. “அண்ணா, நெட் கிட்டல்ல” என்பதோடு அவர்கள் சொல்லும் விவரம் முடிந்துவிடும். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு, மீதியைக் கேட்டுக் கேட்டு வாங்குவதிலேயே கால் மணி நேரம் போகும். அப்படிக் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் லேப்டாப்பில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதைத் தொடும் முன்பும்: எந்தப் பாதி கெட்டிருக்கிறது?

நெட் இரண்டு கட்டமாக வருகிறது. டவரிலிருந்து போனுக்கு ஒரு பாதி, போனிலிருந்து லேப்டாப்புக்கு மறு பாதி. முதல் பாதி கெட்டிருக்கும்போது லேப்டாப்பை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. இரண்டாம் பாதி கெட்டிருக்கும்போது மாடிக்கும் முற்றத்துக்கும் ரேஞ்ச் தேடி அலைவதும் வீண்.

சோதனை எளிது. போனில் வைஃபையை அணையுங்கள். பிரவுசரில் இதுவரை திறக்காத ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். படங்களோடு முழுதாக வந்தால் முதல் பாதி சரி. வாட்ஸ்அப் மெசேஜ் போகிறதே என்று சொல்லாதீர்கள். நெட் சொட்டுச் சொட்டாக வந்தாலும் எழுத்து மெசேஜ் போய்விடும், அதை நம்ப முடியாது.

வைஃபையை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் கூப்பிட்டான். யூஎஸ்பி ஒயர் போட்டு, போன் நெட்டை ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கை ஆன் செய்திருக்கிறான், லேப்டாப்பும் ‘கனெக்டட்’ என்கிறது, ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அரை மணி நேரம் டிரைவர், கேபிள் என்று என்னென்னவோ பார்க்க வைத்தேன். கடைசியில்தான் கேட்டேன்: “மக்கா, போன்ல மேல வைஃபை குறி இருக்கா?” இருந்தது. அவர்கள் வீட்டு ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும் ரூட்டர் விளக்கு எரிகிறது, வைஃபையும் வருகிறது, போனும் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. யூஎஸ்பி டெதரிங்கில் ஆண்ட்ராய்டு போன் தன்னிடம் அப்போது எந்த நெட் இருக்கிறதோ அதைத்தான் கொடுக்கும். வைஃபை இருந்தால் வைஃபையை. செத்த நெட்டை ஒயர் வழியாக அழகாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. வைஃபையை அணைத்த நொடியில் எல்லாம் சரியாகிவிட்டது. அந்த அரை மணி நேரம் என் தப்பு. அன்றிலிருந்து இதுதான் என் முதல் கேள்வி.

இதையே நல்லதுக்கும் பயன்படுத்தலாம். லேப்டாப்பின் வைஃபை கார்டு கெட்டுப்போனால், வீட்டு வைஃபையைப் போனில் வாங்கி ஒயர் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்து அன்றைய பொழுதை ஓட்டலாம்.

“லிஸ்டில் என் போன் பெயரே வரல்ல”

இது பெரும்பாலும் புதுப் போன், பழைய லேப்டாப் ஜோடியில் வரும். இப்போதைய போன்களில் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைக்க முடியும், சிலவற்றில் தானாகவே அப்படித்தான் இருக்கும். பழைய, விலை குறைந்த லேப்டாப் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். என் மைனியின் லேப்டாப் அப்படித்தான். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வரிசையாக வரும், மடியில் இருக்கிற போன் வராது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் ‘பேண்ட்’ என்று இருக்கும், அதை 2.4-க்கு மாற்றுங்கள். ஐபோன் 12-லிருந்து வந்த மாடல்களில் ‘மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்ற ஸ்விட்ச் இதே வேலையைச் செய்கிறது. ஐபோனில் இன்னொன்று: முதல் தடவை சேரும்வரை பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள்.

பேண்ட் சரியாக இருந்தும் வரவில்லையா? லேப்டாப்பில் ஏரோப்ளேன் மோட் விழுந்திருக்கிறதா பாருங்கள். கீபோர்டின் மேல் வரிசையில் அதற்கென்று ஒரு பட்டன் உண்டு, பூனை நடந்தாலும் அமுங்கிவிடும். அப்புறம், யாரும் சேராமல் சில நிமிடம் சும்மா இருந்தால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துவிடும் போன்களும் உண்டு. நீங்கள் லேப்டாப்பை ஆன் செய்து, அது விழித்து எழுவதற்குள் போன் தூங்கியிருக்கும்.

ஹாட்ஸ்பாட் ஸ்விட்ச்சே மங்கிப்போய், தொட்டால் அசையாமல் கிடந்தால் ‘டேட்டா சேவர்’ ஆனில் இருக்கும். அதை அணைத்தால் உயிர் வந்துவிடும்.

“பாஸ்வேர்டு சரியாத்தான் போடுகிறேன், ஏற்க மாட்டேன் என்கிறது”

பாதிப் பேர் சரியாகப் போடுவதில்லை. ஓ எழுத்தும் பூஜ்யமும் மாறியிருக்கும். மீதிப் பாதிக்கு இரண்டு காரணம். போனில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பழைய லேப்டாப்புக்கு அது புரியாது, டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். முன்பு இதே பெயரில் வேறு பாஸ்வேர்டு போட்டுச் சேர்ந்திருந்தால், லேப்டாப்பில் அந்தப் பெயரை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

“கனெக்டட் என்கிறது, ஆனால் நோ இன்டர்நெட்”

இதற்குத்தான் அதிகம் போன் வரும், காரணமும் இதற்குத்தான் அதிகம். வரிசை மாறாமல் போனால் சீக்கிரம் ஆளைப் பிடித்துவிடலாம்.

விண்டோஸில் தேடல் பெட்டியில் சிஎம்டி என்று மூன்று ஆங்கில எழுத்தை அடித்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டரைத் தட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் போன் உங்கள் லேப்டாப்புக்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். முகவரி கிடைக்காத லேப்டாப் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள், அதிலும் வராவிட்டால் போனை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் 192.168 என்றும், ஐபோன் என்றால் 172.20.10 என்றும் தொடங்கும் எண் வர வேண்டும்.

எண் சரியாக இருக்கிறது என்றால், அதே கறுப்புத் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று போடுங்கள். பதில் வரிகள் வரிசையாக வந்து, பிரவுசரில் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். இணையப் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற வேலை அதனுடையது. ஆபீஸ் லேப்டாப்பில் இது சகஜம். ஆபீஸ் நெட்வொர்க்குக்கென்று யாரோ கையால் போட்ட டிஎன்எஸ் எண்ணும் ப்ராக்ஸியும் (நெட்டுக்கு நடுவே நிற்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரின் முகவரி) அப்படியே கிடக்கும், வீட்டுக்கு வந்தால் அந்த எண் எங்கேயும் போய்ச் சேராது. ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள், ப்ராக்ஸியை அணையுங்கள்.

பிங்குக்குப் பதிலே வரவில்லை, போனில் மட்டும் நெட் அருமையாக ஓடுகிறது என்றால், போனில் ஏபிஎன் செட்டிங்கைத் திறங்கள். சிம் கம்பெனியின் எந்த வாசல் வழியாக நெட்டுக்குப் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பெயர் அது. சிம் மாற்றியவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து போன் கொண்டு வந்தவர்களுக்கும் இது முக்கியம். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு, அந்தப் போன்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம் என்பது ஏபிஎன் பெயர், ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். பெயர் சரியாக இருந்தும் லேப்டாப்புக்கு மட்டும் போகவில்லை என்றால், ‘ஏபிஎன் டைப்’ என்ற கட்டத்தில் இருப்பதை அழிக்காமல் கடைசியில் ஒரு கமா போட்டு டி, யு, என் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சேர்த்துச் சேமியுங்கள். டெதரிங்குக்கான வழி அது.

போனில் விபிஎன் ஆப் (நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஒரு தடவை அணைத்துப் பாருங்கள்.

“சில பக்கம் வருகிறது, பேங்க் பக்கம் மட்டும் வரல்ல”

லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அதன் கண்ணுக்கு பேங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மறிக்கும். தேதியைச் சரிசெய்தால் போதும். மறுபடி மறுபடி பின்னால் போனால் போர்டில் இருக்கும் பட்டன் செல்லை மாற்ற வேண்டும், அது சின்னச் செலவுதான்.

“யூஎஸ்பி டெதரிங் மங்கிக் கிடக்கு, தொட முடியல்ல”

என் சொந்த அபிப்பிராயம்: வீட்டில் ஒரே ஒரு லேப்டாப்புக்கு நெட் வேண்டும் என்றால் ஹாட்ஸ்பாட்டை விட ஒயர்தான் நல்லது. பேண்ட், பாஸ்வேர்டு தொல்லை இல்லை, போனும் சார்ஜ் ஆகும். கரண்ட் இல்லாத நாளில் மட்டும் லேப்டாப் பேட்டரியைப் போன் உறிஞ்சுவதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒயர் நல்ல ஒயராக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் விலை குறைந்த ஒயர்கள் சிலவற்றில் சார்ஜுக்கான கம்பி மட்டும் இருக்கும், டேட்டா போகிற கம்பி இருக்காது. போன் சார்ஜ் ஆகும், டெதரிங் ஸ்விட்ச் மங்கியே கிடக்கும். வெளியே பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. போனோடு பெட்டியில் வந்த ஒயரைப் போட்டுப் பாருங்கள், அதுதான் சோதனை.

நல்ல ஒயர் போட்டும் அதே நிலை என்றால் போனின் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரிக் கடலோரத்திலிருந்து வருகிற போன்களில் உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். உப்புக்காற்றின் வேலை. மற்ற ஊர்க்காரர்களின் போனில் பாக்கெட் பஞ்சுதான். எப்படித் தெரியும் என்றால், ஒயர் முழுதாக உள்ளே போகாது. அரை மில்லிமீட்டர் வெளியே நிற்கும், ஆட்டினால் ஆடும். போனை அணைத்துவிட்டு, காய்ந்த ஈர்க்குச்சியின் நுனியைச் சீவி, துளையின் ஓரமாக மெதுவாக வழித்து எடுங்கள். அழுத்தி அழுத்திக் கெட்டியான பஞ்சு ஒரு சின்ன வில்லை மாதிரி வெளியே வரும். ஊசியும் சேஃப்டி பின்னும் வேண்டாம், நடுவில் இருக்கிற தகட்டைக் கெடுத்துவிடும். பச்சைக் களிம்பு என்றால் சுரண்டாதீர்கள், கடையில் கொடுங்கள்.

டெதரிங் ஆன் ஆகிறது, லேப்டாப்தான் கண்டுகொள்ளவில்லை என்றால் டிரைவர் பிரச்சினை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு ஆர்என்டிஐஎஸ் என்ற பெயர் நிற்கும். யூஎஸ்பி ஒயர் வழியாக நெட் கொடுக்கும் முறையின் பெயர் அது. அந்த வரியை அன்இன்ஸ்டால் செய்து, ஒயரைக் கழற்றி, வேறு துளையில் மாட்டினால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஐபோனை விண்டோஸில் மாட்டுகிறவர்கள் ஆப்பிளின் டிரைவர் வருவதற்காக ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் ஆப்பைப் போட்டிருக்க வேண்டும், போனில் கேட்கும் ‘டிரஸ்ட்’ என்பதையும் தொட வேண்டும். மேக் லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு போனை ஒயரில் மாட்டினால் பல போன்கள் வேலை செய்யாது, ஏனென்றால் அந்த ஆர்என்டிஐஎஸ் முறையை மேக் பேசுவதில்லை. அவர்களுக்கு ஹாட்ஸ்பாட்தான் வழி.

“வருகிறது, ஆனால் இழுக்கிறது”

முதலில் இன்றைய டேட்டா மிச்சம் இருக்கிறதா பாருங்கள். ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்ற பேக்குகளில் அது தீர்ந்ததும் பொதுவாக 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிடுவார்கள். அது நொடிக்கு 8 கேபி. 2 எம்பி பிடிஎஃப் ஒன்று இறங்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். நெட் ‘இருக்கும்’, உபயோகம் இருக்காது.

யார் தின்றார்கள் என்று கேட்டால், லேப்டாப்தான். ஹாட்ஸ்பாட்டையும் அது சாதாரண வைஃபை என்றே நினைக்கும். ஆகா, வைஃபை வந்துவிட்டது என்று விண்டோஸ் அப்டேட்டை இறக்கும், ஒன்டிரைவ் போட்டோக்களை ஏற்றும். போனில் ஒரு மாதம் வரும் டேட்டாவை லேப்டாப் ஒரு வாரத்தில் முடித்துவிடும். விண்டோஸில் அந்த நெட்வொர்க்கின் ப்ராபர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்ற ஸ்விட்ச் இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும், ஒன்டிரைவும் நிற்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

டேட்டா மிச்சம் இருந்தும் இழுத்தால் ரேஞ்சைப் பாருங்கள். மேலே தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி போடும். ஆண்ட்ராய்டில் ‘அபவுட் போன்’ பகுதியில் சிம் ஸ்டேட்டஸுக்குள் போனால் கழித்தல் குறியோடு ஒரு எண் இருக்கும். 4ஜியில் -90 அருகில் என்றால் நன்று, -105 என்றால் சமாளிக்கலாம், -115-ஐத் தாண்டினால் சிரமம். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நடங்கள். பழைய வீட்டின் கனத்த சுவர், தகர ஷீட் கூரை, சுற்றிலும் நனைந்த ரப்பர் இலை எல்லாம் எண்ணைக் கீழே இழுக்கும். போனும் லேப்டாப்பும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கடையாலுமூடு பக்கம் ஒரு வீட்டில் மச்சில் டவர் பார்த்த ஜன்னல் படியில் போனை வைத்து, கீழே நடையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்தோம். அடுக்களைப் பக்கம் -118 இருந்த போன் ஜன்னலில் -101 காட்டியது. இந்த மாதிரி இடத்தில் ஒயரை விட 2.4 ஹாட்ஸ்பாட்தான் கைகொடுக்கும், சுவரைத் தாண்டுவதில் 5-ஐ விட அது கெட்டி. ஆனால் சித்திரை வெயில் படும் ஜன்னலில் வைத்தால் போன் சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கவரையாவது கழற்றிவிடுங்கள்.

2.4-இல் ஒரு வேடிக்கை உண்டு. லேப்டாப்பில் யூஎஸ்பி 3.0 பென்டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ ஓடினால், அதிலிருந்து வரும் இரைச்சல் 2.4 வைஃபையைக் குழப்பும். ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் நெட் தடுமாறினால் சந்தேகம் அங்கேதான்.

மழை பெய்தால் ரேஞ்ச் போய்விடும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். போனுக்கு வரும் அலைவரிசையை மழைத்துளி பெரிதாக ஒன்றும் செய்யாது. கரண்ட் போய் டவரின் பேட்டரி தீர்வதும், ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குத் தட்டு ஆன்டெனா வழியாகப் போகிற உயர் அலைவரிசை இணைப்பு பெருமழையில் தடுமாறுவதும்தான் காரணம். ரேஞ்ச் முழுதாக இருந்தும் நெட் நகரவில்லை என்றால் உங்கள் வீட்டில் பழுது பார்க்க ஒன்றுமில்லை. முடிந்தால் வேறு கம்பெனி சிம்மை மாற்றிப் பாருங்கள், அவர்கள் டவர் தப்பித்திருக்கலாம்.

“அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்ப் போய் வருகிறது”

போன் வரும்போது போகிறதா என்று கவனியுங்கள். இரண்டு சிம் போனில் டேட்டா ஒரு சிம்மிலும் கால் இன்னொரு சிம்மிலும் இருந்தால், பல போன்களில் பேசி முடிக்கும்வரை டேட்டா நின்றுவிடும். சிம் செட்டிங்ஸில் ‘கால் நடக்கும்போது டேட்டா’ என்ற மாதிரி ஒரு ஸ்விட்ச் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். டேட்டா சிம்மிலேயே கால் வந்து நெட் போனால் அதில் வோல்ட்இ (4ஜியிலேயே கால் பேசும் வசதி) அணைந்திருக்கலாம்.

காலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றால், போனில் பேட்டரி சேவரை அணையுங்கள். லேப்டாப்பில் டிவைஸ் மேனேஜர், வைஃபை அடாப்டர், பவர் மேனேஜ்மென்ட் என்று போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

“களியக்காவிளைப் பக்கம் மட்டும் நெட் இல்லை”

கேரள எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு மட்டும் உள்ள தொல்லை இது. களியக்காவிளை, பளுகல், பனச்சமூடு, கொல்லங்கோடு பக்கங்களில் உங்கள் தமிழ்நாட்டு சிம் சும்மா இருக்கும்போதே கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். கால் போகும், வரும். மேலே சிக்னல் பக்கத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து வந்து, டேட்டா மட்டும் நின்றிருந்தால் ‘டேட்டா ரோமிங்’ (வேறு மாநில டவரில் நெட் எடுக்கும் அனுமதி) அணைந்திருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். நெய்யாற்றின்கரையில் வேலை பார்த்து அங்கே வாங்கிய கேரள சிம்மை வைத்திருப்பவர்களுக்கு இங்கே வீட்டில் இருக்கும்போதுதான் ரோமிங், அவர்களும் அதையே செய்ய வேண்டும்.

சில வீடுகளில் முன்னறையில் தமிழ்நாட்டு டவர், பின்னறையில் கேரள டவர். போன் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் லேப்டாப்பில் வீடியோ கால் அறுந்துபோகும். அங்கே மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக் தேர்வை அணைத்து, வருகிற பட்டியலில் நல்ல ரேஞ்ச் உள்ள ஒன்றைக் கையால் பிடித்து வைக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தைப் பிடித்து வைத்தவர்கள் திருவனந்தபுரம் போகிற அன்றைக்கு மறக்காமல் அதை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பாறசாலை தாண்டி அமரவிளை போவதற்குள் போன் ஊமையாகிவிடும்.